சிலிண்டரில் சிக்கிய விரல்

மார்ச் 4

என் அருமை மெக்கானிக் அம்மாவுக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று என் ஆள்காட்டி விரல் உன் ஜெட் படகின் எஞ்சினுக்குள் மாட்டிக்கொண்டது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, பிஸ்டன் இருக்கிறதா என்று துளைக்குள் தொட்டுப் பார்த்தேன். போன விரல் திரும்பவில்லை. எஞ்சினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் போட்ட கூச்சலில், எதிர் சலூன்காரர் சோப்பு நுரையோடு ஓடி வந்தார்.

"முடின்னா கண்ணை மூடிக்கிட்டு வெட்டிருவேன் சார். விரல்னா கொஞ்சம் யோசிக்கணும்" என்றார்.

நுரைதான் காப்பாற்றியது. இப்போது தெருவில் என் பெயர் பிளக்கு.

"எல்லாத்தையும் பாதியில விடுற மனுஷனோட எப்படிக் குடும்பம் நடத்துறது? இந்தப் படகையாவது முழுசா ஓட்டிக் காட்டுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தானே படகுத் துறை வேலைக்குப் போனாய்? அதற்காகத்தான் இந்தப் பாடு. தார்ப்பாயைத் தூக்கினால் எலிகள் குடும்பத்தோடு முறைக்கின்றன. எஞ்சின் அசையவே இல்லை. அடுத்து என்ன செய்ய?

பாதியில் நிற்கும்,
உன் வீட்டுக்காரன்


மார்ச் 12

வீட்டுக்காரருக்கு,

எஞ்சினுக்குக் காயம் எதுவும் இல்லையே?

சுத்தியலைத் தொடாதீர்கள். இரண்டு பிளக் துளையிலும் எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவிடுங்கள். பிறகு கையால் மெல்லச் சுற்றுங்கள். சுற்றினால், பிளக் துளையில் அழுத்தமானியை மாட்டி அழுத்தம் பாருங்கள். இரண்டு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு எண்ணெயும் போக வேண்டும். மறந்தால் பிஸ்டன் தீய்ந்துவிடும். ஓட்டிப் பார்க்கும்போது குளிர்விக்கத் தோட்டத்துக் குழாயை மாட்டுவீர்கள் அல்லவா? முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். மாற்றிச் செய்தால் எஞ்சின் தண்ணீர் குடித்துவிடும்.

சாப்பாட்டு மேசையில் எதையும் பிரித்து வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
மெக்கானிக்


ஏப்ரல் 29

என் கண்ணே,

சாப்பாட்டு மேசையில் வைக்கவில்லை. கட்டிலில் நீ படுக்கும் பக்கத்தில் வைத்திருந்தேன்.

ஒரு சிலிண்டர் நூற்று இருபது காட்டியது, இன்னொன்று அறுபது. முன்னது நீ, பின்னது யாரென்று சொல்ல வேண்டியதில்லை. பிரித்தேன். பிஸ்டன் முழுக்கக் கீறல். புதுப் பிஸ்டன், புது வளையங்கள். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருந்தது. என் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவினேன். பிரஷ் செத்தது, கார்புரேட்டர் பிழைத்தது.

தண்ணீரை முதலில்தான் திறந்தேன். திட்டாதே. பிளக்கைக் கழற்றி எஞ்சினைச் சுற்றியதும் பீறிட்ட தண்ணீர், தெருவைத் தாண்டி, சலூனில் பாதி சவரத்தில் இருந்தவரின் மீதி நுரையைக் கழுவிவிட்டது.

மறுபடி முயன்றேன். ஓடியது! புகை அடங்குவதற்குள் தெருவே கூடிவிட்டது. அதோடு விட்டேனா? போன ஞாயிற்றுக்கிழமை படகை ஏரியில் இறக்கி, சலூன்காரரைப் பின்னால் உட்காரவைத்து, இரண்டு சுற்று பறந்தேன். வளைவில் அவர் என் இடுப்பைக் கிள்ளிய தழும்புகூட இன்னும் இருக்கிறது. கரையில் ஒரே கைதட்டல். முழுசாக முடித்துவிட்டேன். இனி வரலாமே?

உன்,
பிளக்கு


மே 6

என்னங்க,

எஞ்சின் ஓடியதை நம்புகிறேன். தண்ணீரை முதலில் திறக்கும் கிறுக்குத்தனத்தையெல்லாம் யாராலும் கற்பனையில் எழுத முடியாது. அந்தக் கடிதத்தைத் துறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். சிரித்து முடித்ததும் எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். நிலையத்துக்கு வாருங்கள், கையில் கனமான சாமான் இருக்கும். நான் கிளம்பிய அன்று, நீங்கள் படகை விற்றுவிடுவீர்களோ என்ற பயத்தில், அதன் பின்புறத்து ஜெட் பம்பைக் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் தள்ளிப் படகை ஓட்டுவது அதுதான்.

அன்றிலிருந்து இங்கே என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.

உங்கள்,
மெக்கானிக் அம்மா