நாலாம் தீடையைச் சுற்றிய சிவப்புக் கோடு

ஜூன் 17, செவ்வாய்

காலை 5.40. பற்றரி நாலு. மூன்று முழுச் சார்ஜ், ஒன்று பாதி. தென்மேற்குச் சோளகக் காற்று விடியும் முன்பே எழும்பிவிட்டது. ட்ரோனைத் தூக்கும்போது கண் நிறைய மணல்.

அத்தானை, அக்காவின் புருசனை, காணவில்லை. நேற்று விடியப்புறம் நண்டு வலை எடுக்கத் தனியே போனவர். மத்தியானம் படகு மட்டும் கிடைத்தது. நங்கூரம் போட்டபடி, எஞ்சின் மேலே தூக்கியபடி, விசிறியில் வலைக் கந்தல் சுற்றியபடி. சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படவில்லை. கத்தி இல்லை. வலையை வெட்ட இறங்கியிருக்கிறார். ஏற முடியவில்லை. இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆனால் எங்கள் ஊர் ஓலைத்தொடுவாயில் அதைச் சத்தமாகச் சொல்ல ஒருவரும் இல்லை.

ஆறு மாதமாக என் வேலை இந்தத் தீவின் கரையை மேலிருந்து படம் பிடித்து உல்லாசப் பயணிகளுக்கு வரைபடம் போடுவது. நடக்கிற பாதை பச்சை. கயாக் ஓடுகிற நீர் நீலம். பறவை முட்டையிடுகிற இடம் சிவப்பு, கால் வைக்கக் கூடாது. இன்றைக்கு அதே ட்ரோனால் தேடுகிறேன். ட்ரோன் சுற்றுலா அலுவலகத்தினது. கந்தோரில் கேட்கவில்லை. சொன்னேன். பொறுப்பதிகாரி தலையை ஆட்டினார். "கரையில மட்டும் பற, தம்பி. தீடைப் பக்கம் போகாத." தீடை என்பது தலைமன்னாருக்கு அப்பால் இந்தியாவை நோக்கி வரிசையாகக் கிடக்கிற மணல் மேடுகள். கடல் எல்லை, கடற்படை, பறவைக் காப்பகம், மூன்றும் ஒரே இடத்தில். மேலே பறக்கத் தனி அனுமதி வேண்டும். விண்ணப்பம் அனுப்பினேன்.

தெற்குக் கரை முழுக்கப் பார்த்தாயிற்று. கிடைத்தவை: சோடி இல்லாத செருப்பு (அத்தானுடையது அல்ல, சின்னக் கால்), செத்த ஆமை, மிதவை ரெஜிபோம் துண்டுகள், தமிழ்நாட்டு ஷாம்பு பக்கெற்றுகள்.

பட்டத்தில் கடல் சறுக்குகிற வெள்ளைக்காரன் ஒருவன் ஓடி வந்தான். தன்னை மேலிருந்து படம் எடுத்துத் தருவாயா என்று கேட்டான். பிணம் தேடுகிறேன் என்றேன். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்ச் சறுக்கினான். அவனில் பிழை இல்லை. காற்று அவனுக்கு நல்ல காற்று.

மாலை அக்கா வாசலில்.

"கிடைச்சதோ?"

"இல்லை."

"இல்லையெண்டா நல்லது தானே."

பசி. பாண் மட்டும் இருந்தது.

ஜூன் 18, புதன்

காற்று கூட. நொடிக்குப் பதினொரு மீற்றர். ட்ரோனின் எல்லை பன்னிரண்டு.

ஊரின் வழக்கம்: கடலில் ஆள் காணாமல் போனால் ஆள் கிடைக்கும் வரை ஒரு வலையும் இறங்காது. படகெல்லாம் தேடப் போகும். நிறுத்துவதென்றால் காணாமல் போனவரின் வீட்டுக்காரி தன் வாயால் சொல்ல வேண்டும். வேறு ஒருவர் சொல்ல முடியாது. மீனவர் சங்கம் கூட முடியாது.

இன்று படகுகள் மூன்று பக்கம். நெல்சன் அண்ணையின் படகு தீடைப் பக்கம். அவர் அத்தானின் கூட்டாளி. இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் எங்களுக்குப் பக்கத்து அறை. ஒரே வருடம்தான் எல்லாரும் திரும்பி வந்தோம்.

நான் கண்டல் காட்டுக்குள். நீரோட்டம் உள்ளே தள்ளியிருக்கலாம் என்று கணக்கு. முழங்கால் வரை சேறு, சப்பாத்து ஒன்று போய்விட்டது. அழுகின முட்டை மணம். ஒவ்வொரு வேருக்கும் கீழே குனிந்து பார்க்க வேண்டும். இதே இடத்துக்கு "அமைதியான கயாக் பயணம், ஆரம்பநிலையாளருக்கு ஏற்றது" என்று எழுதியவன் நான்தான்.

வெளியே சதுப்பு காய்ந்து உப்புப் பொருக்கு. பின்தங்கிய பூநாரைகள் கொஞ்சம், ஒற்றைக் காலில். கந்தோர் வைத்த வழிகாட்டி அட்டையைக் கழுதைகள் தின்றுவிட்டன. அம்புக்குறி மட்டும் மிச்சம்.

பின்னேரம் படகுகள் திரும்பின. நெல்சன் அண்ணை இறங்கினார்.

"தீடைப் பக்கம் என்ன?"

"ஒண்டும் இல்லை."

"கிட்டப் போய்ப் பாத்தனீங்களோ?"

"ஒண்டும் இல்லையெண்டு சொல்லுறன் தானே."

அக்கா தேத்தண்ணி நீட்டினாள். வாங்கி மணலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். களைப்பு என்று நினைத்தேன்.

ஜூன் 19, வியாழன்

அனுமதி: பதில் இல்லை. ஃபோன் எடுத்தேன். "பரிசீலனையில் உள்ளது." எத்தனை நாள் என்று கேட்டேன். சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அல்ல. ஆனாலும்.

டவுனில், உப்புக்குளத்தில் நான் வாடகைக்கு இருக்கிற அறையின் சொந்தக்காரர் காதர் நானா. சந்தையில் மீன் விற்கிறவர். காலையில் கதவடியில் நின்று சொன்னார்: "உங்க ஊர் மீன் வராம எங்கட பெட்டியெல்லாம் காயுது தம்பி. கணக்குக் கேக்கிறன் எண்டு நினைக்காதீங்க. ஆள் கிடைக்கட்டும். துஆ கேக்கிறம்." பிறகு இடியப்பம். மரக்கறிச் சொதி.

மத்தியானம் சங்கத் தலைவர் என்னைப் பனைக்குப் பின்னால் கூட்டிப் போனார். பீடி பற்ற வைக்க நாலு தரம் முயற்சி. காற்று விடவில்லை.

"சோளகத்தில இந்தக் கிழமைதான் மீன் ஏறுற கிழமை."

"தெரியும்."

"பிள்ளையள் வீடுகளில பாணும் சம்பலும்."

"அதுவும் தெரியும். நேரா சொல்லுங்கோ."

"உன்ர அக்காவோட ஒருக்காக் கதையன். நீ படிச்சனி. உனக்கு வாய் இருக்கு."

"படிச்சது நில அளவை. இதுக்கு டிப்ளோமா இல்லை."

அவர் சிரிக்கவில்லை. நான் பகிடிக்குச் சொன்னதும் இல்லை.

கதைக்கத்தான் போனேன். போனால் அக்கா ஃபோனைக் காதில் ஒட்டியபடி. முகம் வேறு முகம். மண்டபம் முகாமில் இன்னும் இருக்கிற தேவி குரல் அனுப்பியிருந்தாள். அக்கா எனக்கும் போட்டுக் காட்டினாள், மூன்று தரம்: "அக்கா, ராமேஸ்வரம் போட்டுக்காரங்க கடல்ல ஒருத்தர தூக்கிட்டு வந்திருக்காங்களாம். சிலோன்காரராம். பேச முடியலையாம். ஆஸ்பத்திரில வச்சிருக்காங்களாம். நான் விசாரிச்சுச் சொல்றேன்க்கா."

"கேட்டியோ? கேட்டியோ?"

"ஆளின்ர பேர் சொன்னதோ?"

"கதைக்கேலாதெண்டு சொல்லுறாள் தானே, மொக்கா."

நடக்காதது அல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகப்பட்டு, மாதக் கணக்கில் சிறையில் இருந்து, ஒரு நாள் திரும்பி வந்தவர்கள் பேசாலையில் உண்டு. ஆனால் காற்றையும் நீரோட்டத்தையும் வைத்து மூன்று தரம் கணக்குப் போட்டேன். மூன்று தரமும் தீடைகளில்தான் முடிகிறது. அக்காவிடம் சொன்னேன். கணக்கைத் தூக்கிக் கடலில் போடு என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

வானம் வெளுப்பு. காற்று குறையவில்லை.

அக்கா விடிய எழும்பித் தலைக்கு முழுகி, நல்ல சட்டை போட்டு, தானே சங்கத் தலைவர் வீட்டு வாசலுக்குப் போனாள். நான் பின்னால். அவள் சொன்னது:

"அண்ணை, வலையை இறக்கச் சொல்லுங்கோ. மனுசன் அங்கால உயிரோட கிடக்கேக்க ஊர் ஏன் பட்டினி கிடக்கிறது?"

தலைவர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்லுறியோ பிள்ளை?"

"ஓம். வந்த உடன அவர் கேப்பார், என்னாலயோ ஊர் காஞ்சதெண்டு."

பத்து மணிக்கு முதல் படகு தள்ளினார்கள். வலை ஏற்றித் தள்ளும்போது எழுகிற கூச்சல் இந்தக் கிழமை முழுக்கக் கேட்காதது. யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்தினார்கள்.

தேவியிடம் நான் தனியாகப் படம் கேட்டிருந்தேன். 11.20க்கு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில். பொடியன், இருபது இருபத்தொன்று. தலை நிறைய முடி, கழுத்தில் பச்சை குத்தியது. அத்தானுக்கு நாற்பத்திரண்டு. முன்வழுக்கை.

வேறு ஆள். தேவிக்கும் எழுதினேன்: வேறு ஆள், அக்காவுக்கு இப்போது அனுப்ப வேண்டாம், நான் சொல்கிறேன்.

சொல்லப் போனேன். அக்கா குசினியில் நிலத்தில் குந்தியிருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். திங்களுக்குப் பிறகு முதல் சோறு. பக்கத்து வீட்டுக்காரி பருப்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்கா வாய் நிறையச் சோற்றோடு கேட்டாள், "பாஸ்போட் எடுக்க எவ்வளவு நாள் செல்லும்?"

மாதம் செல்லும் என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இருபத்தாறு வயது வரை வாயை மூடத் தெரியாமல் எல்லாரிடமும் ஏச்சு வாங்கியவன். இன்றைக்கு மூடினேன். சரியோ பிழையோ தெரியாது. ஊருக்காக என்று எழுதலாம். பொய். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

மாலையில் ஊர் முழுக்க மீன் குழம்பு மணம். எனக்கும் ஒரு கோப்பை வந்தது. தின்றேன். உப்பு அதிகம்.

ஜூன் 21, சனி

அறையில். துணி தோய்த்தது. ட்ரோனின் கமராவுக்குள் மணல், துடைத்தது. பற்றரி நாலும் சார்ஜில், ஏன் என்று தெரியாமல்.

மத்தியானம் காதர் நானா தட்டினார். "உங்கட ஊர் ஆள் ஒருத்தர் வாசலில நிக்கிறார். கூப்பிட்டா வாறாரில்லை."

நெல்சன் அண்ணை. பஸ்ஸில் வந்திருக்கிறார். நானா கதிரை போட்டு, பிளேன்ரீ வைத்துவிட்டு வெளியே போய்க் கதவையும் சாத்தினார். அண்ணை கதிரையில் இருக்கவில்லை.

"தம்பி, நேற்று நான் வலை இறக்கினனான். நல்ல மீன். ஒரு துண்டும் தின்னேல்ல."

"ஏன்?"

"புதன்கிழமை நாலாம் தீடையில செம்பருந்து நிண்டது. நாலைஞ்சு. ஒண்டும் எழும்பேல்ல. கீழ என்னவோ கிடந்தது. கடல் ஆலாக் குருவியள் எல்லாம் மேல சுத்திச் சுத்திக் கத்துது."

"என்ன கிடந்தது?"

"பாக்கேல்ல. படகைத் திருப்பிப் போட்டன்."

கத்திவிட்டேன். நானாவுக்கும் கேட்டிருக்கும். ஏன் இறங்கவில்லை, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை, அக்கா நீட்டிய தேத்தண்ணியை எப்படி வாங்கினாய். கடைசிக் கேள்வி அநியாயம். அவர் குடிக்கவில்லை.

அவர் சத்தம் போடவில்லை. "போன வருசம் அதே தீடையில ஆலா முட்டை எடுத்ததெண்டு பிடிபட்டனான். வழக்கு இன்னும் கிடக்கு. மூத்தவள் மண்டபத்தில பிறந்தவள், அவளின்ர பிரசாவுரிமைக் கடுதாசி கொழும்பில. அதுக்குள்ள இன்னொரு வழக்கும் விழுந்தா பிள்ளையின்ர காரியம் என்ன ஆகும்? பருந்து எண்டா செத்த ஆமையாயும் இருக்கலாம் தானே எண்டு நினைச்சன். ஊர் தேடிக்கொண்டு தானே இருக்கு, ஆரும் காண்பினம் எண்டு நினைச்சன். நேற்றையோட தேடுறதும் நிண்டு போச்சு."

பிறகு மெதுவாக: "போன மாதம் எங்களைக் கூப்பிட்டுப் படம் விரிச்சுக் காட்டினது நீங்கள் தானே. நாலாம் தீடையைச் சுத்திச் சிவப்புக் கோடு. உள்ள ஒருத்தரும் போகேலாதெண்டு சொன்னது நீங்கள் தானே, தம்பி."

ஓம். நான்தான். சரியாகப் போட்ட கோடு. அந்தத் தீடையில் ஆலாக்கள் நூற்றுக்கணக்கில் அடைகாக்கின்றன. இன்றைக்குக் கேட்டாலும் அதே இடத்தில்தான் போடுவேன். அதனால் ஒன்றும் இலகுவாகவில்லை.

அனுமதி மின்னஞ்சல் பார்த்தேன். இல்லை.

"நாளைக்கு விடிய என்னைக் கொண்டு போவீங்களோ? கோட்டுக்கு வெளியில நிண்டாப் போதும். மிச்சம் நான் பாக்கிறன்."

கதவைத் திறந்தார். "படகில எண்ணெய் இருக்கு," என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

காற்று படுத்துக் கிடந்தது. இந்தக் கிழமையில் முதல் தரம்.

மு.ப. 6.15. நாலாம் தீடைக்குத் தெற்கே, கோட்டுக்கு வெளியே. நெல்சன் அண்ணை படகை அசையாமல் பிடித்தார். ட்ரோனை என் கையிலிருந்தே எழுப்பினேன்.

வெள்ளை மணல். இவ்வளவு வெள்ளையான இடம் தீவில் வேறு இல்லை. ஆலாக்கள் ஒரேயடியாக எழும்பி ட்ரோனைக் கொத்த வந்தன. உயர்த்தினேன். நடுவில் ஒன்றும் இல்லை. மேற்கில் ஒன்றும் இல்லை. வடக்கு நுனியில் செம்பருந்து ஒன்று, எழும்பிப் போனது.

நீல ஜேர்சி. ஊர் உதைபந்தாட்டக் கழகத்தினது. இலக்கம் தெளிவு. அவரின் இலக்கம். முகம் கீழே. வேறு எதையும் எழுதப் போவதில்லை. கைக்குப் பக்கத்தில் ஆலா முட்டை இரண்டு, உடையாமல். தாய்ப் பறவை திரும்பி வந்து அவற்றின் மேலேயே இருந்தது.

திரையை அண்ணைக்குத் திருப்பினேன். பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"இறங்குவமோ?"

"வேண்டாம். தூக்கினா அதுவும் உங்களில வழக்கா வரும். பொலிஸ் வந்து தூக்கட்டும்."

"இன்னும் எவ்வளவு நேரம் அவன் அதில கிடக்கிறது?"

படகைத் திருப்பச் சொன்னேன். அவர் திருப்பவில்லை. அவர் செபித்தார். நான் பற்றரி அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

7.50. தலைமன்னார் இறங்குதுறை. அண்ணை படகைக் கட்டுகிறார். அக்கா இப்போது தேவாலயப் பூசையில். இன்றைய பூசை நன்றிப் பூசை, ஆள் உயிரோடு இருப்பதற்கு. வெள்ளிக்கிழமையே பங்குச் சாமியாரிடம் சொல்லி வைத்தவள்.

செய்ய வேண்டியது:

1. பொலிஸுக்கு அழைப்பது. மரண விசாரணை அதிகாரியும் வர வேண்டும். இடம்: நாலாம் தீடை, வடக்கு நுனி. நடக்க வேண்டிய வழியைப் படத்தில் குறித்துக் கொடுப்பது, கூடுகளை மிதிக்காமல்.

2. அனுமதி இல்லாமல் பறந்தது நான். படகு சிவப்புக் கோட்டைத் தாண்டவில்லை. வாக்குமூலத்தில் முதல் வரி இதுதான். புதன்கிழமை பற்றிக் கேட்டால் அதை நெல்சன் அண்ணை சொல்லட்டும், நான் சொல்வதில்லை.

3. ட்ரோனைக் கந்தோரில் ஒப்படைப்பது. அவர்கள் கேட்கும் முன்.

4. சங்கத் தலைவர்: இன்று வலை இறக்க வேண்டாம்.

5. ராமேஸ்வரத்துப் பொடியனின் படத்தை அக்காவிடம் காட்டுவது. வெள்ளிக்கிழமையே வந்தது என்பதையும். அடித்தால் வாங்குவது.

6. இவை எல்லாவற்றுக்கும் முன், பூசை முடிந்து வருபவளை வீட்டு வாசலில் பிடிப்பது. "கிடைச்சதோ?" என்று கேட்பாள். ஓம் என்று சொல்வது.