பின்சுவர் ஏறிய கட்டி

என் செல்லச் சண்டைக்காரி அம்மாவுக்கு,

இதனால் மேலுலகவாசிகள் அனைவருக்கும் தெரிவித்துக்கொள்வது யாதெனில், கீரனூரில் நம் வீட்டு அடுப்பில் அப்பா நேற்றுக் காலை முதன்முறையாக ஒரு வட்டமான தோசையைச் சுட்டெடுத்தார். இதுவரை வந்ததெல்லாம் இலங்கை வடிவம். நான் எழுந்து நின்று கைதட்டினேன். அவர் சிரிக்கவில்லை. தட்டில் போட்டுவிட்டு, தினமும் கேட்பதையே கேட்டார். "அன்னைக்கே குத்திப் பாத்திருக்கணுமோடா?"

இந்தக் கேள்வி நீ போன பிறகு வீட்டுக்குள் வந்தது. கிளம்ப மாட்டேன் என்கிறது.

உனக்கு நுரையீரலில் கட்டி என்றதும் எல்லாரும் பீடி பிடிக்கிற பெரியப்பாவைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், அவர் கல்லு மாதிரி நின்றார். "கட்டிக்கு ஒன்மேல பாசம்மா, கட்டிக்கிட்டு விடமாட்டேங்குது" என்றேன். "வாயக் கழுவுடா எருமை" என்று இருமலும் சிரிப்புமாகத் திட்டினாய். திருச்சி டாக்டர் கொடுத்த மாத்திரை, கட்டியை வளரச் சொல்கிற சுவிட்சை மட்டும் தேடிப்பிடித்து அணைக்குமாம். அணைத்தது. ஸ்கேனில் கட்டி பாதியானதும் அப்பா மொட்டை போட்டு, குலசாமிக்குக் கெடா வெட்டி, ஊருக்கே சோறு போட்டார். நீ மறுசோறு கேட்டு வாங்கினாய்.

அப்புறம் அது திரும்ப வளர்ந்தது. ஒரு வேளை மாத்திரைகூட விடாதவள் நீ. மற்றவர்கள் முழித்தார்கள், எனக்குப் புரிந்தது. பள்ளிக்கூட வாசலில் பி.டி. வாத்தியார் நின்றால் நாங்கள் பின்சுவர் ஏறிக் குதிப்போமே, கட்டிக்கும் அதே புத்தி. எந்தச் சுவர் என்று தெரிந்தால் அடைக்க வேறு மாத்திரை இருக்கலாம், அதற்கு மறுபடி ஊசி குத்தித் துளி சதை எடுத்துப் பார்க்கணும் என்றார் டாக்டர்.

"நேத்திக்கடன் செலுத்தியாச்சு. திரும்பப் போய்க் குத்துனா சாமிய நம்பலன்னு ஆயிரும்" என்றார் பெரியப்பா. "அதோட, ஊசி பட்டா ஒடம்பெல்லாம் பரவிரும்ப்பா." அப்பா தலையாட்டினார். "குத்தித்தான் பாப்பமே" என்று நீ மெதுவாகச் சொன்னாய். யாரும் காதில் வாங்கவில்லை. நுரையீரலில் நீர் கோத்த பிறகு அப்பா சரி என்றார். அப்போது ஊசியைத் தாங்க உனக்குத் தெம்பில்லை.

போன வாரம் அப்பாவும் நானும் அதே டாக்டரிடம் போனோம்.

"குத்தியிருந்தா பொழச்சிருப்பாளா சார்?" என்று கேட்டார் அப்பா.

"பொழைக்கிறதுன்னு சொல்ல முடியாதுங்க. அடுத்த மாத்திரை ஒத்து வந்திருந்தா கொஞ்ச காலம் கெடச்சிருக்கலாம். அப்புறம் அதுவும் கேக்காமப் போகும். ஒத்து வராமலும் போயிருக்கலாம்."

அப்பா 'கெடச்சிருக்கலாம்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். கீரனூர் வந்தும் எழுந்திருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. புதுக்கோட்டை வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம்.

எத்தனை சுவரைத்தான் அடைப்பார்கள் அம்மா? காவல் நிற்கிறவர்களுக்கு மணி அடித்தால் வீட்டுக்குப் போகணும். கட்டிக்கு மணியும் கிடையாது, லீவும் கிடையாது.

உன் கருமாதியில் நான் பேசியதைக் கேட்டிருக்கணும் நீ. மைக் ஒன்றுதான் குறை. "நான் டாக்டராகி, அது ஏறிக் குதிக்க ஒரு சுவர்கூட மிச்சம் வைக்காத மாத்திரையைக் கண்டுபிடிப்பேன்" என்றேன். அத்தை அழுதேவிட்டாள். பெரியப்பா என் தலையில் கைவைத்து, "நீதாண்டா கண்டுபிடிக்கப் போற" என்றார். அன்றிலிருந்து தெருவில் எனக்குப் பேரே டாக்டர்தான்.

அப்பாவைத் தனியாகப் பஸ் ஏற விடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

அப்புறம், ஒரு சின்ன விஷயம். பதினொன்றாம் வகுப்பில் பயாலஜி குரூப்பில்தான் சேர்ந்தேன். டீச்சர் ஒருநாள் போர்டில் செல் பிரிவதை வரைந்தார். ஒன்று இரண்டாச்சு, இரண்டு நாலாச்சு. நாலு எட்டாகும்போது நான் வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். இப்போது காமர்ஸ் படிக்கிறேன். குரூப் மாற்றும் தாளில் அப்பாதான் கையெழுத்துப் போட்டார், எதற்கென்று படிக்காமல்.

உன் வாயாடி மகன்,
கதிர்