டீப்பாய்க்கு அடியில் இருந்த கறை

ஏங்க, காலையிலிருந்து பக்கத்துப் போர்ஷனில் வெள்ளையடிக்கிறார்கள். சுண்ணாம்பு வாடை ஜன்னல் வழியாக வந்து வீடு முழுக்க நிற்கிறது. உங்களுக்கு அந்த வாடை எம்புட்டுப் பிடிக்கும்! பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஆளை வைக்காமல் நீங்களே சுண்ணாம்பு மட்டையும் வாளியுமாக ஏணியில் ஏறிவிடுவீர்கள். கீழே நின்று நான் கத்துவேன். "விழுந்து வச்சா யாரு பாக்குறது?" திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீதான்" என்பீர்கள்.

விழாமலே படுத்துவிட்டீர்கள். கடைசி மாதம் நடுவீட்டில் உங்களுக்குக் கட்டில் போட்டோம். நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "என்ன ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்னைய அனுப்பிறாத. நான் கட்டுன வீட்டுல இருந்தே போறேன்." உங்கள் அக்கா என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று தெருவே கேட்கத் திட்டினார். நான் அசையவில்லையே! உங்கள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்திருந்தேன். அந்த நடுவீட்டில்தான், என் மடியில்தான் போனீர்கள்.

போன நேரம் அவிட்ட நட்சத்திரமாம். ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, "அடைப்புல போயிருக்காரும்மா, வீட்டுக்கு ஆகாத நட்சத்திரம். ஆறு மாசம் வீட்டைப் பூட்டிரணும்" என்றார். "சாகுறவரு நாள் பாத்தா சாவாரு?" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் சொந்தபந்தம் மொத்தமும் கூடி நின்றால் என் ஒரு வாய் என்ன செய்யும்? கருமாதி முடிந்ததும் செல்லூர் வீட்டைப் பூட்டிவிட்டு, சாமான்களோடும் மகளோடும் சிம்மக்கல்லில் இந்த வாடகைப் போர்ஷனுக்கு வந்தேன்.

மறுபடி திறந்தது விற்பதற்குத்தான். மகளுக்கு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. அவளைச் சேர்க்க வீட்டை விட்டால் வேறு வழியில்லை. புரோக்கர் வந்தார். உங்களை 'அண்ணே, அண்ணே' என்று சுற்றி வருவாரே, அவரேதான். "அக்கா, பூட்டிக் கெடந்த வீடுன்னு தெரியக் கூடாது. ஆளு புழங்குற மாதிரி இருக்கணும்" என்றார். வெள்ளையடித்தோம். வாசலில் கோலம், நிலையில் மாவிலை. பக்கத்து வீட்டில் இரண்டு நாற்காலியும் ஒரு டீப்பாயும் இரவல். வீடு பார்க்க ஆள் வருகிற நேரத்துக்கு அடுப்பில் பால் காயணுமாம், வாசனைக்கு. மாலை போட்ட உங்கள் படம் மட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நானே கழற்றி மஞ்சப்பையில் வைத்தேன்.

ஒன்று மட்டும் போகவில்லை. உங்கள் தலைமாட்டில் ஏற்றி, பதினாறு நாள் அணையாமல் எரிந்த விளக்கின் எண்ணெய் சிவப்புச் சிமெண்டுத் தரையில் வட்டமாக ஊறிக் கிடந்தது. சீயக்காய் போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன். ம்ஹூம். புரோக்கர் டீப்பாயை அதன்மேல் இழுத்துப் போட்டார். "கேட்டா, ஆஸ்பத்திரியில போனாருன்னு சொல்லிருங்கக்கா. இங்கதான், அதுவும் அடைப்புலன்னு தெரிஞ்சா எவனும் படியேற மாட்டான்."

"என் வாய் அழுகிப் போகும்யா" என்றேன். அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

வந்தவர்கள் ஒரு புருஷன் பெண்டாட்டி, கூடவே அவனுடைய அம்மா. சின்னவர்கள் இரண்டு பேருக்கும் வீடு பிடித்துவிட்டது. மாடியைப் பார்க்கப் போனார்கள். அந்தம்மா, "எனக்கு நாற்காலி ஒத்துக்காது தாயி" என்று டீப்பாயை ஒதுக்கிவிட்டு ஃபேனுக்கு அடியில் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் குனிந்து பார்த்தார். விரலால் ஒரு தடவை தடவினார்.

"விளக்கு வச்ச எடமா? உன் வீட்டுக்காரரு இங்கயா போனாரு?"

மகள் அடுப்படி வாசலில் நின்றாள். கையில் காபித் தட்டு.

"இல்லம்மா. ஆஸ்பத்திரியில. இங்க கொண்டாந்து கெடத்துனோம், அம்புட்டுதான்."

அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடக் கொடுமையே! இம்புட்டு அழகா வீட்டைக் கட்டிட்டு, அதுல கெடந்து கண்ணை மூடக் குடுத்து வைக்கலையே அந்த மனுசனுக்கு."

"ஆமாம்மா" என்றேன். அந்த ஆமாம் எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அந்த வாரமே வீடு விலை பேசி முடிந்தது.

மகள் படித்து முடித்து வேலைக்குப் போகிறாள். முதல் சம்பளத்தில் உங்கள் படத்துக்குப் புதுச் சட்டம் போட்டாள். இப்போது இங்கே நடு ஹாலில் தொங்குகிறீர்கள். சற்று முன் வெள்ளையடிப்பவர் எட்டிப் பார்த்து, "ஓனர் உங்க பக்கமும் அடிக்கச் சொல்லிட்டாரும்மா, அந்தப் படத்தைக் கழத்தி வைங்க" என்றார். "அதைத் தொடாதீங்க, சுத்தி அடிங்க" என்று நான் போட்ட சத்தத்தில் அந்த மனுஷர் மிரண்டுபோனார்.

ஊரே திட்டியும் உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதவள் நான். நீங்கள் போன பிறகு என் வாயாலேயே அனுப்பி வைத்துவிட்டேன். இத்தனை வருஷமாகியும், அங்கிருந்து உங்களை வீட்டுக்குக் கூட்டி வர எனக்கு வழி தெரியவில்லைங்க.