பலூன் பிடிக்க ஓர் ஆள்

ஆடி 6, திங்கள்

விடிந்ததிலிருந்து காத்து. பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் போட்டுவிட்டுப் போன பேப்பர் தட்டுகள் தெருவில் என் விமானத்தைவிட நன்றாகப் பறக்கின்றன.

ஞாயிறு போட்டி. ஆடியில் முகூர்த்தம் இல்லை, கல்யாண மண்டபம் பாதி வாடகை. அதனால் பெங்களூர்க்காரர்கள் வருஷா வருஷம் இங்கே வந்து நடத்துகிறார்கள். மண்டபத்துக்குள்ளேயே பறக்கவிடும் விமானம். என்ஜின் கிடையாது, ரிமோட் கிடையாது. முறுக்கின ரப்பர் அவிழ்கிறவரை தானாகச் சுற்றும், யாருடையது ஜாஸ்தி நேரம் சுற்றுகிறதோ அவர் ஜெயித்தார். எடை ஒரு வெற்றிலை அளவு. ஃபேன் கூடாது, ஜன்னல் கூடாது. பக்கத்தில் யாராவது வேகமாக நடந்தாலே திசை மாறும்.

இந்த விளையாட்டுக்கு என் வீடு கச்சிதம். கதவைத் திறந்துகொண்டு வர ஆளே இல்லை.

பாக்கி வேலை:
– இறக்கையில் ஓட்டை (பல்லி. சத்தியமாகப் பல்லி.)
– ரப்பருக்கு விளக்கெண்ணெய்
– கேஸ் பலூன்
– பலூன் பிடிக்க ஆள்

கடைசிதான் உதைக்கிறது. விமானம் சுவர்ப் பக்கம் ஒதுங்கினால் நூல் கட்டின பலூனால் மெல்லத் தள்ளி நடுவுக்குக் கொண்டுவரலாம். ஆனால் விமானத்தை விட்ட கையோடு நானே பலூனைத் தூக்கிக்கொண்டு ஓடினால், என் சைசுக்கு, புயல். முந்தின வருஷம் சீரியல் லைட்டில் மாட்டியது. போன வருஷம் மேடைத் தோரணத்தில். மற்றவர்களுக்கெல்லாம் புருஷன், பெண்டாட்டி, மச்சான். எனக்கு ஹேண்ட்பேக்.

மே.போ. அம்மாவைக் கேட்டேவிட்டேன். (மேல் போர்ஷன். சென்னை, ரிட்டயர்டு. மௌன விரதம். குடிவந்து ஒரு வாரத்திலிருந்து ஸ்லேட்டில்தான் பேச்சு.) ‘சரி’ என்று எழுதினார். வந்த சந்தோஷத்தில் மூணாவது வீட்டுக் கதையை அவிழ்த்தேன். புதுப் பெண்ணை ஆடிக்குத் தாய்வீடு அனுப்பியாச்சு. தாய்வீடு அடி அண்ணாமலை, கிரிவலப் பாதையிலேயே. அன்றிலிருந்து மாப்பிள்ளைக்குத் திடீர் பக்தி, தினம் கிரிவலம். காலையில் போனால் சாயந்திரம்தான் திரும்புகிறான், முகத்தில் அப்படி ஒரு ஞானம். “நேத்து அவங்கம்மா செருப்பைக் கழட்டி வச்சிட்டு அவன் பின்னாடியே கெளம்பிட்டாங்க…” என்கிறபோது ஷேர் ஆட்டோ ஹாரன். வேங்கிக்கால் ஆபீஸ் காத்திருக்காது. மீதி அப்புறம்.

ஆடி 9, வியாழன்

துணி எடுக்க மாடிக்குப் போனேன். மே.போ. ஜன்னலில் பேச்சுச் சத்தம். டி.வி. என்று நினைத்தேன். இல்லை, அவரேதான், போனில். நல்ல கணீர்க் குரல்.

ஒட்டுக்கேட்கவில்லை. க்ளிப் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாக. மெதுவாக.

“கீழ இருக்கறவங்க நல்லவங்கதான்டி. ஆனா வாய்! தெரியாம ஒரு ‘அப்புறம்?’ கேட்டா போச்சு, சாயந்திரம் முழுக்கக் கதைதான். மௌனம்னு சொல்லித்தான் தப்பிச்சிட்டிருக்கேன்.”

ஆக, விரதம் சாமிக்கு இல்லை. எனக்கு.

கீழே வந்து ஃபேனைப் போட்டேன். மேஜையில் விமானம் இருந்தது மறந்தேபோச்சு. வலது இறக்கை காலி.

ஆடி 10, வெள்ளி

அம்மன் கோயில் ஸ்பீக்கர் அஞ்சு மணிக்கே. கூழ் வாங்கிக் குடித்தேன். இறக்கை ஒட்டியாச்சு, கொஞ்சம் கோணல்.

மாடிப்படியில் மே.போ. எதிரில் வந்தார். சிரித்தேன், வாயைத் திறக்கவில்லை. ஸ்லேட்டில் ‘உடம்பு சரியில்லையா?’ என்றார். அவர் கையிலிருந்த சாக்பீசை வாங்கி அதன் கீழேயே எழுதினேன்: ‘மௌனம்.’

அந்த முகத்தைப் பார்த்திருக்கணும்! அதைப் பற்றிச் சொல்ல எனக்கிருந்த ஒரே ஆள் அவர்தான் என்பது ராத்திரி சாப்பிடும்போதுதான் உறைத்தது.

ஆடி 11, சனி

கோபுரத்து வாசலில் பலூன்காரர்.
“பேத்திக்கா மேடம்?”
“இல்ல.”
“பேரனுக்கா?”
“ஏரோப்ளேனுக்கு.”
“ரெண்டா வாங்கிக்குங்க. ஒண்ணுன்னா புள்ளைங்க சண்டை போட்டுக்கும்.”

(என் மௌனம் மாடிக்கு மட்டும்.) ஒன்றுதான் வாங்கினேன். சிவப்பு. ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் விசாரித்தார்கள், யாருக்கு என்று. ஒரு அம்மாவிடம் சலித்துப்போய் “பேரனுக்குத்தான்” என்றேன். என்ன வயசு என்றார். நாலு. பேர்கூட வைத்துவிட்டேன்.

வீட்டில் பலூனிடம் கொஞ்சம் பேசிப் பார்த்தேன். என் மூச்சுக்காத்து பட்டு அதுவும் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது.

ஆடி 12, ஞாயிறு

நான் தனியாகக் கிளம்பினேன். கேட்டருகில் மே.போ., புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. சொன்ன சொல் தவறவில்லை. எழுதின சொல். ஆட்டோவில் நான், அவர், நடுவில் பலூன். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, “இன்னாக்கா, சண்டையா?” என்றான்.

மண்டபத்தில் வென்டிலேட்டர் முழுக்கப் பேப்பர் அடைத்திருந்தார்கள். வெளியே ஆடிக்காத்து கதவை உலுக்குகிறது. உள்ளே ஒருத்தரும் அசையவில்லை.

விட்டேன். கோணல் இறக்கையே உதவியது போல, அழகாக வளைந்து வளைந்து ஏறியது. அத்தனை பேரும் தலையைத் தூக்கி என் விமானத்தையே. எனக்காக இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது இதுதான் முதல் தடவை.

அப்புறம் மெல்ல இடது பக்கம், ஃபேனை நோக்கி. மே.போ. பலூனோடு தப்பான மூலையில் நிற்கிறார், அண்ணாந்து, வாய் திறந்தபடி. அங்கிருந்து பார்த்தால் ஃபேன் கிட்ட இருப்பது தெரியாது. எனக்குத் தெரிந்தது. “இடது” என்றால் போதும்.

சொல்லவில்லை.

மாட்டியது. ஃபேன் றெக்கையில் தொங்கிக்கொண்டே புரொப்பெல்லர் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

“ஒரு வார்த்தை ‘இடது’ன்னு சொல்லக் கூடாதா! வாயில என்ன கொழுக்கட்டையா?”

மண்டபமே அதிர்ந்தது. மே.போ.தான். பெங்களூர் நடுவர் “ஷ்ஷ்” என்றார்.

“நீங்க மௌனம், நானும் மௌனம்,” என்றேன். “போன்ல மட்டும் பேசிக்கலாம்.”

அவருக்கு முகம் பலூன் நிறம். திரும்பும்போது டிரைவர்கூட எதுவும் கேட்கவில்லை.

கடைசிக்கு முந்தின இடம்.

ஆடி 13, திங்கள்

லீவு போட்டேன். ஜுரம் என்று. பலூன் காத்து இறங்கி இடுப்பு உயரத்தில் நிற்கிறது.

சாயந்திரம் மே.போ. கையில் ஸ்லேட் இல்லை. வாசலிலேயே நின்றார்.

“பையன் கூப்பிடறான். ஆவணி பொறந்ததும் காலி பண்றேன்.”

“சரி.”

“கோவமா?”

“மெதுவா வாங்க. மேஜையில விமானம் இருக்கு.”

மெதுவாக வந்து உட்கார்ந்தார். புது ரப்பரின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன். மறுமுனையை இழுத்துச் சுற்ற ஆரம்பித்தேன். ரப்பர் முடிச்சு விழுந்து இறுகுகிற சத்தம் மட்டும்.

“அந்த மாப்பிள்ளையோட அம்மா செருப்பைக் கழட்டி வச்சிட்டுப் பின்னாடியே கெளம்பினாங்கன்னு சொன்னீங்களே.”

“ஆமா.”

ரப்பரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “அப்புறம்?”