நாத்தனாரின் இருட்டறை

2024 ஜூன் 11, செவ்வாய்

மழை விடவில்லை. விளக்குக்கு எண்ணெய் ஊற்றினேன். என் வீட்டுக்காரர் தலை வைத்துக் கிடந்த இடத்தில் எரிகிறது. கருமாதி முடியும்வரை அணையக் கூடாது.

வியாழக்கிழமை பொழுது சாய்ந்து பஸ்ஸை விட்டு இறங்கியவர். டோர்ச் அடிக்கப் போனில் சார்ஜ் இல்லை. பாதை ஓரத்துப் பெரிய கானுக்குள், மழைத் தண்ணி ஓடுகிற வாய்க்காலுக்குள், விழுந்து கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்தோம். அவருடைய ஒரே தங்கச்சி நிலக்ஷி ஜெர்மனியிலிருந்து வந்தாள். சனிக்கிழமை சாயந்தரமே அட்டன் டவுனுக்கு வந்தவள், அங்கேயே லொட்ஜில் படுத்துக்கொண்டாள். "இருட்டிருச்சு அண்ணி, மழை வேற, விடிஞ்சதும் வாறேன்" என்று போனில் சொன்னாள். அண்ணன் கடைசி ராத்திரி வீட்டில் கிடக்கிறார், தங்கச்சிக்குத் தூக்கம் கேட்கிறது. படித்தவர்களுக்கு மனசும் வேறு மாதிரி வேலை செய்யுமோ என்னவோ.

இராமையா கங்காணி துக்கம் கேட்க வந்தார். "ஜீவராஜ் கொஞ்சம் போட்டிருப்பான் போல" என்றார்.

"அவர் தொடமாட்டாரு, கங்காணி."

"அவன் அப்பன் செல்லசாமியும் அப்படித்தாம்மா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். சாயந்தரமானா தடுக்கித் தடுக்கி விழுவான்."

தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டுத்தான் போனார்.

ஜூன் 12, புதன்

அப்பாவின் மற்றச் செருப்பு எங்கே என்று ஷாமிலா கேட்டாள். கானில் தண்ணீர் வடிந்தால் தேடலாம் என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

இன்றைக்கு நிலக்ஷியிடம் கேட்டேவிட்டேன். உன் வேலைதான் என்ன?

பன்னிரண்டு வருடமாகக் கண்ணைப் பற்றிப் படிக்கிறாள். அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார், என் தங்கச்சி கண் விஞ்ஞானி என்று. கண்ணாடி கொடுக்கிற டொக்டர் என்றுதான் லயத்து வீடுகளில் எல்லாரும் நினைத்தோம். அது இல்லையாம். கண்ணுக்கு உள்ளே, பின்பக்கம், வெங்காயத் தோல் மாதிரி ஒன்று இருக்கிறதாம். விழித்திரை என்று பேர். எலியின் விழித்திரையை எடுத்து, சாகாமல் வைத்து, இருட்டறைக்குள் அதன்மேல் துளி வெளிச்சம் போட்டு, அது என்ன சொல்கிறது என்று மெசினில் பார்ப்பாளாம்.

"இருட்டுலதான் அது ஓயாம பேசிக்கிட்டே இருக்கும் அண்ணி. வெளிச்சம் பட்டதும் அடங்கிரும். அந்த அடங்குறதைத்தான் மூளை வெளிச்சம்னு புரிஞ்சுக்குது. இதைவிடச் சின்ன வெளிச்சம் உலகத்துல கிடையாதுன்னு சொல்ற ஒரு துளிக்குக்கூட அது பதில் சொல்லும்."

சொல்லும்போது முகம் அப்படி மலர்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அம்புட்டுச் சின்ன வெளிச்சத்துக்குப் பதில் சொல்லுதுன்னா, ஒங்கண்ணனுக்கு அவ்வளவு பெரிய கான் ஏன் தெரியல?"

விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு சொன்னாள். "அண்ணனுக்கு அந்தத் தோல் கெட்டுப் போயிருந்துச்சு. அப்பாவுக்கும். இருட்டுல கண்ணு தெரியாது. அண்ணனைப் பாத்துத்தான் நான் இந்தப் படிப்புக்கே போனேன்."

தெரிஞ்சிருக்கு. அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. கட்டிக்கிட்டு வந்த எனக்கு மட்டும் சொல்லல. பத்து வருசம்!

ராத்திரியில் வெளிக் கக்கூசுக்குப் போக என்னை எழுப்புவார். "பேய் நிக்கிது, கூட வாடி" என்பார். கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். பக்கத்து வீட்டு அழகம்மாக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன், எங்க வீட்டு வீரன் பேய்க்குப் பயந்தவர் என்று. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை இனி நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அதோடு நிறுத்தவில்லை அவள். பிள்ளைக்கும் இருக்கலாமாம். இல்லாமலும் இருக்கலாமாம். பாதிக்குப் பாதி.

ஜூன் 15, சனி

மம்மல் நேரத்தில், இருட்டுக் கட்டும்போது, ஷாமிலா வாசல் படியில் வழுக்கினாள். வழுக்கினாளா? படி தெரியவில்லையா? பிடித்து உலுக்கிவிட்டேன். பிள்ளை மிரண்டு போனாள். அழகம்மாக்கா எட்டிப் பார்த்து, "புள்ளையும் அப்பன் மாதிரியே தள்ளாடுதே" என்று சிரித்தாள். கதவைச் சாத்தினேன்.

ஜூன் 16, ஞாயிறு

நிலக்ஷி ஒரு கறுப்புப் பெட்டி கொண்டுவந்திருக்கிறாள். உள்ளே பொட்டு வெளிச்சம் வரும். எந்தப் பக்கம் வருகிறது என்று பிள்ளை சொல்ல வேண்டும். அதற்கு முதல் அரை மணித்தியாலம் முழு இருட்டில் இருக்க வேண்டுமாம், கண் இருட்டுக்குப் பழக.

"ஜன்னலுக்குக் கம்பளி கட்டிரலாம் அண்ணி. ஆனா விளக்கு…"

"ஒங்கண்ணன் விளக்க அணைக்கச் சொல்றியா?"

"பக்கத்து வீட்டுல கொஞ்ச நேரம் வைக்கலாமா?"

வைத்த இடத்தை விட்டு அந்த விளக்கை எடுக்கக் கூடாது. கருமாதிக்கு முதல் நாங்களும் இன்னொரு வீட்டுப் படி ஏறக் கூடாது. இவளும் இங்கே பிறந்தவள்தானே, மறந்துபோச்சா? பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன்.

"போக மாட்டீங்க. அண்ணனும் இதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நான் புதன்கிழமை போயிருவேன்."

"எலிக்குச் செஞ்சு பாத்ததெல்லாம் எம்புள்ளகிட்ட வேணாம். அவளுக்குக் கண்ணுல கோளாறுன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்? நீ ஜெர்மனிக்குப் போயிருவ."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஜூன் 17, திங்கள்

விடிந்ததிலிருந்து ஷாமிலாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்ளரை எடுத்தால் பார்க்கிறேன். பாயைத் தாண்டினால் பார்க்கிறேன். இப்படியே அவளுக்கு வயசாகும்வரை பார்த்துக்கொண்டு நான் இருக்கவா? பதினொரு மணிக்கு, "கம்பளியக் கட்டு" என்றேன்.

விளக்கை வாயால் ஊதவில்லை. பூவை வைத்துக் குளிர வைத்தேன். என்னை மன்னிச்சிருங்க, புள்ளைக்காகத்தான் என்று அவருக்குச் சொன்னேன். உங்களால வந்தது என்றும் சொன்னேன். வாய் விட்டே சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பட்டப்பகலில் வீடு குழி மாதிரி ஆயிற்று. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். ஷாமிலா முதலில் சிரித்தாள், பிறகு என் மடியில் சாய்ந்தாள். நேரமாக ஆகக் கூரைத் தகரத்து ஓட்டைகூட லேசாகத் தெரிய ஆரம்பித்தது. நிலக்ஷி பெட்டியைத் திருகும் சத்தம் கேட்டது.

"மேல, அத்தை!"

"இப்ப?"

"இடது பக்கம். இப்பக் கீழ. ரொம்பக் குட்டியா இருக்கு."

எனக்கும் தெரிந்தது. ஊசி முனை அளவு. ஒவ்வொரு தடவையும் பிள்ளை சரியாகச் சொன்னாள். நெஞ்சிலிருந்து கல் இறங்கியது. திரும்பவும் திருகினாள். வலது பக்கம் பொட்டு எரிந்தது. ஷாமிலா வாயைத் திறப்பதற்குள் நிலக்ஷி கேட்டாள்.

"எரியுதா அண்ணி?"

எனக்கும் சோதனை வைக்கிறாள் என்று நினைத்தேன். "எரியுதே" என்றேன்.

"எரியுதா?" மறுபடியும். குரல் வேறு மாதிரி இருந்தது.

பெட்டி அவள் கையில்தான் இருந்தது. வெளிச்சம் அவள் மூக்குக்கு நேரே இருந்தது. கம்பளியை அவிழ்க்கப் போனவள், கையைத் தரையில் தடவித் தடவிப் போனாள். செம்புத் தண்ணீரைக் கவிழ்த்தாள். அந்தக் கை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். பத்து வருடம் என் கையைப் பிடித்த கை அப்படித்தான் போகும்.

நான் எழுந்துபோய்ப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

மூன்று வருடமாக அவளுக்கும் இருட்டில் கண் தெரியாதாம். அண்ணனுக்கு மட்டும் சொல்லியிருக்கிறாள். இருட்டறைக்குள் இப்போது இன்னொரு பெண்தான் அவளுக்குக் கண். அந்தச் சனிக்கிழமை அட்டனில் பஸ்ஸின் படியே தெரியவில்லையாம்.

"மருந்து?"

"எங்களுக்கு வந்ததுக்கு இன்னும் இல்ல, அண்ணி."

"பன்னிரண்டு வருசம் என்னத்தப் பாத்த?"

"எப்படிக் கெடுதுன்னு பாத்தேன். நிறுத்தத்தான் தெரியல."

ஷாமிலாவுக்கு இப்போது ஒன்றும் இல்லை. ஆனால் வருடா வருடம் பார்க்க வேண்டும் என்றாள்.

ஜூன் 21, வெள்ளி

கருமாதி முடிந்தது. நிலக்ஷி புதன்கிழமையே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 14, புதன்

காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்கு வரிசையில் நிற்கும்போது, இராமையா கங்காணி யாருக்கோ புத்தி சொன்னார். "குடிச்சா ஜீவராஜ் கதிதான்." என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எல்லாக் கண்ணும் ஷாமிலா பக்கம் திரும்பும். குடிகாரன் பெண்டாட்டி என்ற பேர் பரவாயில்லை. குடிகாரன் மகளையும் இங்கே கட்டத்தான் செய்கிறார்கள். அவரை இன்னொரு தடவை புதைத்துவிட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனேன்.

டிசம்பர் 20, வெள்ளி

நிலக்ஷி ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அவளை அட்டனில் போய்க் கூட்டிவரத் திலக்ஷனின் ஓட்டோவைப் பேசக் கடைத்தெருப் பஸ் தரிப்புக்குப் போனேன். "பகல்லயே கூட்டிக்கிட்டு வந்திரு" என்றேன்.

"ராத்திரின்னா என்னக்கா? எனக்கு இந்த ரோட்டு மனப்பாடம்."

"வெளிநாட்டு மகாராணிக்கு மலைநாட்டு இருட்டு ஆகாது" என்றார் அங்கே நின்ற இராமையா கங்காணி. பஸ்ஸுக்கு நின்ற அழகம்மாக்கா சிரித்தாள்.

யோசித்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது.

"அவளுக்கு இருட்டுல கண்ணு தெரியாது கங்காணி. எம்புருஷனுக்கும் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. அந்த வீட்டுல யாரும் குடிக்கல."

கங்காணி குடையை விரித்தார், மழையே இல்லை. அழகம்மாக்காதான் மெதுவாகக் கேட்டாள், "அப்ப ஷாமிலாவுக்கு?"

"இப்பத் தெரியுது. இனி எப்படின்னு தெரியாது" என்றேன்.

பஸ் வந்தது. அழகம்மாக்கா முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். எப்போதும் எனக்காகப் பக்கத்தில் பையை வைத்து இடம் பிடிப்பாள். இன்றைக்கு அந்த இடம் சும்மாதான் இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். நான் கம்பியைப் பிடித்து நின்றபடியே வீடு வந்து சேர்ந்தேன்.