மீன் வறுவல் மேசையில் மூடிய பள்ளிக்கூடம்

அன்புள்ள கிர்ஸ்டனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகம், பேச்சுவார்த்தைதான் ஒரு மாதமாகப் படுத்துக் கிடந்து இப்போது எழுந்து உட்கார்ந்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அலாஸ்காக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள், உன் இருமல் விட்டதா? கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே. அப்பா ஏன் தொலைபேசியில் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறார் என்று கேட்டாயே, அவர் வாயால் அது வராது, நானே எழுதுகிறேன்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, தேவாலயக் கூடத்தில் வழக்கம்போல மீன் வறுவல் விருந்து, வழக்கம்போல நான் முட்டைக்கோஸ் சாலட் பரிமாறிக்கொண்டிருந்தேன். பள்ளி வாரியத்தில் மொத்தமே ஐந்து பேர், அதில் மூன்று பேர், அதாவது உன் அப்பா, என் அருமைத் தம்பி டெல்பர்ட், தலைவி லவான், ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். இரண்டாவது பீருக்குள் நம் ஓடைக்கரைப் பள்ளியை மூடிவிட்டார்கள். தட்டுக்கு அடியில் போடும் காகித விரிப்பில் உன் அப்பா பேனாவால் பஸ் போகும் வழியை வரைந்து, ஜூன் மாதம் மூடல் என்று கோடு போட்டு எழுதினார், ஐம்பத்தேழு பிள்ளைகள் பதினான்கு மைல் போகவேண்டும் என்பதை மீன் முள்ளை ஒதுக்குவதுபோல ஒதுக்கினார். செவ்வாய்க்கிழமை வாரியக் கூட்டம் நான்கே நிமிடம், மூன்று கையும் ஒன்றாக எழும்பின, மற்ற இருவர் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். பத்தொன்பது வருடமாக அந்தப் பள்ளிச் சமையலறையில் நிற்கிறவள் நான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். வாரியத்தில் பாதிக்கு மேல் ஆட்கள் கூடிப் பள்ளி விஷயம் பேசினால், அது சாப்பாட்டு மேசையானாலும் கூட்டம்தான், ஒரு நாள் முன்னாடியே கதவில் அறிவிப்பு ஒட்டவேண்டும் என்று ஜனவரியிலேயே மேல் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்ததாம். வாரியத்து வக்கீல் அதை விளக்கி அனுப்பிய கடிதத்தை லவான் படிக்காமல் காபிக் கோப்பைக்கு அடியில் வைத்திருந்தாள், வட்டக் கறை இன்னும் இருக்கிறது. வழக்கு வந்த பிறகு பயத்தைப் பார்க்கவேண்டுமே! ஆணிக் கடையில் இவர்கள் இருவர் இருக்கும்போது மூன்றாமவர் நுழைந்தால் ஒருத்தர் பின்வாசலால் ஓடுகிறார். பக்கத்து வீட்டு ஹேசலின் அடக்கத்தன்று மற்ற இரண்டு பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று உன் மாமா பனியில் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று அழுதான்.

அந்த வக்கீல் நம் சமையலறைக்கே வந்து, அன்றைக்கு அந்த மேசையில் என்ன பேசினீர்கள், பொதுமக்கள் யாராவது கேட்டார்களா என்று உன் அப்பாவிடம் கேட்டார். வானிலைதாங்க பேசினோம், பொதுமக்கள்னு ஒருத்தரும் பக்கத்துல இல்லீங்க என்றார் உன் அப்பா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். சாலட் பாத்திரத்தோடு அவர் தோளுக்குப் பின்னால் நின்றவள் நான், அவருக்கு இரண்டு தரம் வைத்தவளும் நான். எனக்கு வலித்தது, கிர்ஸ்டன். மேசை துடைத்தபோது மடித்து எடுத்து வந்த அந்த விரிப்பு என் சமையல் புத்தகத்துக்குள் இருந்தது. எடுத்து வக்கீல் முன்னால் விரித்தேன், எண்ணெய்க் கறைக்கு நடுவே உன் அப்பாவின் கையெழுத்து பளிச்சென்று இருந்தது. வக்கீல் போன பிறகு, ஏன் ஆர்டிஸ், அதை அடுப்புல போட்டிருக்கக் கூடாதா என்றார் உன் அப்பா. அடுப்புல போட பொதுமக்கள்னு ஒருத்தரும் பக்கத்துல இல்லீங்களே என்றேன். அன்றிலிருந்துதான் ஒற்றை வார்த்தை.

விரிப்பைப் பார்த்த நீதிபதி அந்த ஓட்டு செல்லாது என்று சொல்லிவிட்டார். மறு ஓட்டுக்கு முறைப்படி அறிவிப்பு, பள்ளிக் கதவில் ஒட்டியது நான்தான், நான்கு மூலையிலும் பசை. போன செவ்வாய்க்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. நான் சமையல் ஏப்ரனோடு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். மூட விரும்புகிறவர்கள் கை தூக்கலாம் என்றாள் லவான். அவள் கை, டெல்பர்ட் கை, பிறகு உன் அப்பாவின் கை பாதி வரை வந்து, என்னைப் பார்த்து, அப்படியே தலையைச் சொறியப் போய்விட்டது. மெர்லின், அது கையா அரிப்பா, குறிப்புல எழுதணும் என்று உன் அப்பாவைக் கேட்டாள் லவான். அரிப்புதாம்மா, எழுதிக்கோ, நான் மூடச் சொல்லல என்றார், கூடம் முழுக்கக் கேட்க. இரண்டுக்கு மூன்று. செப்டம்பரிலும் நான்தான் அங்கே சமைப்பேன்.

அன்று வீடு திரும்பும்போது வண்டியில் ஏறியதும், அன்னிக்கு நீ மேசைப் பக்கத்துல நின்னது எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் வக்கீல்கிட்ட ஒருத்தரும் இல்லன்னு சொன்னேன் என்றார், ஒரு மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அது. நான் இரவுச் சாப்பாட்டுக்கு மீன் வறுத்தேன்.

நீங்கள் இருவரும் நோய் நொடியின்றி நீண்ட நாள் இருக்கக் கர்த்தர் காப்பார். இருமல் மருந்தை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசும்போது அரிப்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள், போதும்.

இப்படிக்கு,
அன்றைக்கு அந்த மேசைப் பக்கத்தில் நின்ற பொதுமக்கள்,
உன் அம்மா ஆர்டிஸ்