ஆச்சிப்பிள்ளை அக்காவின் குடல்

மே 6

உயிரோடு இருக்கிறது. காலையில் கெம்பஸுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் நுணுக்குக்காட்டியில் போய்க் குனிந்தேன். தட்டின் அடியில் வட்டம் வட்டமாகக் குமிழிகள், நண்டுக் கண் போல. மனிதக் குடல்! இதற்கு முன் வளர்த்த இரண்டும் போய்விட்டன. ஒன்றில் பூஞ்சணம் பிடித்தது, மற்றது கரண்ட் நின்று செத்தது.

இது ஆச்சிப்பிள்ளை அக்காவுடையது. வாகரையில் கருவாடு விற்கிறவ. குடல் அடைத்துப்போய் மட்டக்களப்பில் ஒபரேஷன் செய்தார்கள். வெட்டி எடுப்பதில் நகத்தளவு ஆராய்ச்சிக்குத் தருவீங்களா என்று வார்டில் போய்க் கேட்டிருந்தேன். எறியிறதுதானே, எடுங்க என்று கையெழுத்துப் போட்டா.

வீட்டில் சொன்னேன். பெருநாளைக்கு ஆட்டுக்குடல் கழுவச் சொன்னால் ஓடி ஒளிகிறவள் மனிசர்ர குடலை வளர்க்கிறாளாம் என்று உம்மா வாப்பாவிடம் முறைப்பாடு வைத்தா.

மே 9

குமிழிகள் மொட்டு விட்டிருக்கின்றன. ஆய்வுகூடத்தில் கூட வேலை செய்கிற சிவதர்ஷனுக்கு அந்தச் சந்தோஷத்தில் கன்டீனில் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

மே 15

குமிழிகளைப் பிரித்து மெல்லிய சவ்வின் மேல் விரித்தோம். ஒட்டிப் பிடித்தால் தாள் போல வளரும். மேல் பக்கம் சாப்பாடு வருகிற பக்கம், கீழ்ப் பக்கம் இரத்தத்தின் பக்கம். மேலே மருந்தை விட்டு, கீழே எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு வயிற்றோட்டக் கிருமியைத் தொற்ற வைத்து அதே மருந்தை விட வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு வயிற்றோட்டம் வந்த சில பிள்ளைகளுக்கு மருந்து ஏன் கேட்பதில்லை? நோயில் கிடக்கிற குடல் மருந்தை உள்ளே விடவில்லையா? என் படிப்பு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

மே 20

ஆச்சிப்பிள்ளை அக்கா போனில் கோல் எடுத்தா. குரலே வேற. அவட குடல வெளிநாட்டுக்கு வித்துப்போட்டமாம். ஊரெல்லாம் கதையாம். புருஷன்ட தம்பிதான் தொடக்கிவிட்டிருக்கான்.

"என்ட குடல எனக்குத் தாங்க தங்கச்சி."

தந்தவங்க எப்ப வேணாம் எண்டாலும் அழிக்கணும், அதுதான் சட்டம். எனக்குப் பொறுப்பான றுக்ஷானா மெடமும் அதைத்தான் சொன்னா. சிவதர்ஷன் சொல்றான், மூணு கிழமை போனை எடுக்காம இருங்க, வேலை முடிஞ்சிடும் எண்டு. எனக்கும் அது கொஞ்ச நேரம் நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு. அதை நினைச்சாத்தான் வெக்கமா இருக்கு.

அஸர் தொழுதுவிட்டு நானே கோல் எடுத்தேன். வந்து பாருங்க அக்கா, பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் உங்கட கண் முன்னாலேயே அழிக்கிறேன் என்றேன். வாறன் என்றா.

மே 22

வந்தா. நல்ல சேலை, கையில் கருவாட்டுப் பார்சல். சண்டைக்கு வருகிறவர்கள் கருவாடும் கொண்டு வருவார்களா? ஆய்வுகூடத்துக்குள் சாப்பாட்டுச் சாமான் விடக்கூடாது என்று பார்சலை வாசலில் வாங்கி வைத்தோம். விறாந்தை முழுக்க மணம்.

நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தவ நெடுநேரம் எடுக்கவே இல்லை.

"இதா நான்?"

ஓம் என்றேன். என்ன திங்கும் என்று கேட்டா. இந்த றோஸ் நிறத் தண்ணியில் சீனி, உப்பு, விற்றமின் எல்லாம் இருக்கு என்றேன். மீன்கறி இல்லையா, பாவம் என்றா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவவும் சிரித்தா. அப்புறம்தான் கேட்டா, இதை என்ன செய்யப் போறீங்க என்று.

மருந்து சரிபார்க்கிறோம் என்று மட்டும் சொல்லித் தப்பியிருக்கலாம். மனம் வரவில்லை. கிருமியைப் போடப்போகிறோம், அதில் இந்தக் குடல் கொஞ்சம் செத்தும் போகும் என்றேன். கண்ணை எடுத்துவிட்டா. நோவுமா என்று கேட்டா. நரம்பு இல்லை அக்கா, நோகாது என்றேன்.

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து போன வெள்ளத்தைப் பற்றிச் சொன்னா. தங்கச்சியின் மகளுக்கு வயிற்றோட்டம். கொடுத்த மருந்து ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றித்தான் பிள்ளை தப்பியது.

"அவளுக்கு ஏன் கேக்கல்லயெண்டு இது சொல்லுமா?"

சொல்லும் என்று சத்தியம் பண்ண ஏலாது, அதைத்தான் இதுக்கிட்டக் கேக்கப்போறம் என்றேன்.

"அப்ப செய்ங்க. வித்ததெண்டு கதைச்சவனை நான் பாத்துக்கிறன்."

பஸ் ஏற்றிவிட்டு வந்து தனியாக நின்று கொஞ்சம் அழுதேன். சந்தோஷம்தான். அல்ஹம்துலில்லாஹ்.

ஜூன் 11

முடிவு வந்துவிட்டது. சுகமான குடலில் மருந்து நன்றாகக் கீழே இறங்குகிறது. கிருமி தொற்றியதில் இறங்கியது சொற்பம். ஒரு ஆளின் குடலை வைத்து எதையும் சொல்ல முடியாது, இன்னும் பலபேருடையது வேண்டும் என்றா மெடம். ஆனால் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னா.

அக்காவுக்கு கோல் எடுத்தேன். சந்தையில் நின்றா. பொறுங்க தங்கச்சி என்று போனை ஸ்பீக்கரில் போட்டு, முழுவதையும் திரும்பச் சொல்ல வைத்தா. யார் யாரோ கேள்வி கேட்டார்கள். கருவாடு வாங்க வந்தவர் ஒருவர் விலையையும் என்னிடமே கேட்டார்.

ஜூலை 2

வார்டுக்குப் போனேன். சீனித்தம்பி அண்ணன், வாகரையில் தோணி வைத்திருக்கிறவர். நாளைக்குக் குடலில் ஒபரேஷன். பயத்தில் முகம் வெளிறிப்போய்ப் படுத்திருந்தார். பக்கத்தில் மனைவி. நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று தொடங்கும்போதே கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆச்சிப்பிள்ளையிட குடல் கெம்பஸ்ல படிக்குதாமே. நான்தான் படிக்கல்ல, என்ட குடலாவது படிக்கட்டும்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அவர் முகமும் கொஞ்சம் இளகியது. சம்மதப் பத்திரத்தை, எப்ப வேண்டாம் என்றாலும் அழிப்போம் என்கிற கடைசி வரி வரைக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பேனாவைக் கொடுத்தேன்.